பாதிக் கூடையும் வெந்தயக் கிண்ணமும்: கைவேலை கேள்வி பதில்

பாட்டி செய்த மாதிரியே காகிதத்தையும் வெந்தயத்தையும் அரைத்துக் கிண்ணம் செய்தேன். வெளிப்பக்கம் நன்றாகக் காய்ந்துவிட்டது. பத்தே நாளில் உள்பக்கம் பச்சையாகப் பூஞ்சை பிடித்து, அறை முழுக்க ஒரு வாடை. எங்கே தப்பு செய்தேன்?
– வாசகி, தேனி

காயவைத்ததில்தான் தப்பு, அரைத்ததில் இல்லை. சில்வர் குண்டான் மேல் விரல் தடிமனுக்கு அப்பி, அது தானாகக் கழன்று வரும்வரை அப்படியே விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வெளியே வெயில் படுகிறது, பாத்திரத்தோடு ஒட்டியிருக்கிற பக்கத்துக்குக் காற்றே கிடையாது. வெந்தயத்தை ஊறவைத்தால் வருகிற வழுவழுப்புதான் இந்தக் கூழைப் பிடித்து நிறுத்துகிற பசை, ஈரம் இருக்கும்வரை அதுவே பூஞ்சைக்கும் சாப்பாடு.

நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். அரை கிலோ காகிதத்தைப் பொடியாகக் கிழித்து மூன்று நாள் ஊறவைப்பேன், தினமும் தண்ணீரை மாற்றிவிடுவேன், இல்லாவிட்டால் நாற்றம் வந்துவிடும். 100 கிராம் வெந்தயத்தை ராத்திரி தனியாக ஊறப்போட்டு, மறுநாள் முதலில் வெந்தயத்தை வெண்ணெய் மாதிரி அரைத்துக்கொண்டு, அப்புறம் பிழிந்த காகிதத்தைச் சேர்த்து அரைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் வெந்தயம் சரியாக மசியாது. குண்டானைக் கவிழ்த்து, அதன் மேல் ஈரத்துணி விரித்து, தோசை வார்ப்பது போல அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் வெயில் போதும். மேலே இறுகியதும், உள்ளே ஈரமாக இருக்கும்போதே துணியோடு மெதுவாகக் கழற்றி, துணியை உரித்துவிட்டு, வாய் மேலே பார்க்க வைத்து இன்னும் மூன்று நாலு நாள் காயவிடுங்கள். கொஞ்சம் கோணும், பரவாயில்லை, ஈரமாக இருக்கும்போதே கையால் அழுத்தினால் நேராகிவிடும். விரலால் தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வர வேண்டும். மொத் என்று கேட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. பாட்டிமார் இந்த வேலையைப் பங்குனி, சித்திரையில் எடுத்து வைத்துக்கொண்டதற்குக் காரணம் இந்த வெயில்தான். நீங்கள் ஐப்பசியில் செய்திருக்கிறீர்கள்.

இப்போது இருக்கிற கிண்ணத்தை மூக்கில் துணி கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் வைத்துப் பூஞ்சையைத் தேய்த்து உதறுங்கள். வினிகர் தொட்ட துணியால் துடைத்து மூன்று நாள் நல்ல வெயில் காட்டுங்கள். அதற்கப்புறமும் வாடை வந்தால் வைத்துக்கொள்ள வேண்டாம், எரு குழியில் போட்டுவிடுங்கள். இன்னொன்று, செய்தித்தாளில் செய்த கிண்ணத்தில் பலகாரம் வைக்காதீர்கள். மை உணவில் படுவது நல்லதல்ல. சாவி, ஊசி நூல், பிள்ளைகளின் கிரேயான் வைக்கத் தாராளமாகப் பயன்படும்.

என் ஐந்து வயது மகள் எதை வரைந்தாலும் கறுப்பு நிறத்தில்தான் வரைகிறாள். சூரியன்கூடக் கறுப்பு. அவள் மனசில் ஏதோ கஷ்டம் இருக்கிறது என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.
– வாசகி, சேலம்

முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. வெள்ளைத் தாளில் எந்த நிறம் பளிச்சென்று தெரியும்? கறுப்புதான். மஞ்சள் கிரேயானால் சூரியன் போட்டுப் பாருங்கள், ஒரு முழம் தள்ளி நின்றால் அந்தக் கோடு இருக்கிறதா என்றே தெரியாது. தான் போட்ட கோடு தனக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று நினைக்கிற குழந்தை கறுப்பை எடுக்கும். ஒரே ஒரு நிறத்தை மாதக்கணக்கில் விடாமல் பிடித்துக்கொள்கிற குழந்தைகளை நான் நிறைய பார்த்திருக்கிறேன், அப்புறம் ஒருநாள் அவர்களாகவே பச்சைக்கோ ஊதாவுக்கோ போய்விடுவார்கள். நிறத்தை மட்டும் வைத்து ஒரு குழந்தையின் மனசைப் படிக்க முடியாது. சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், விளையாட்டையும் விட்டு ஒதுங்கியிருந்தால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவள் ஓடியாடிச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"ஏன் கறுப்பு?" என்று கேட்காதீர்கள். "இது என்ன, சொல்லேன்" என்று கேளுங்கள். கிரகணம் என்று சொன்னாலும் சொல்வாள்!

கறுப்பைத் துக்கத்தின் நிறமாக மட்டும் பார்க்கிறவர்களைக் கும்பகோணம் பக்கம் கருப்பூருக்கு அழைத்துப் போய், துணியில் எழுதுகிற கலம்காரி ஓவியத்தைக் காட்ட வேண்டும். அந்தக் கறுப்பை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுப் புளிக்க வைப்பார்கள். துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து முன்னாடியே காயவைத்திருப்பார்கள். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால்தான் கறுப்பு பிறக்கும், பாலில் இருக்கிற கொழுப்பு கோடு கசியாமல் பார்த்துக்கொள்ளும். சாமி படத்தின் கண்ணையும் புருவத்தையும் அந்தக் கறுப்பால்தான் எழுதுகிறார்கள். மகளுக்கு ஒரு கருப்பட்டித் துண்டைக் கொடுத்து, வெல்லத்திலிருந்து கறுப்பு வருகிற இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

குரோஷாவில் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். "நூல் விலை 180 ரூபாய்தானே, 250 வாங்கிக்கோ" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கூடக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. விலை எப்படி வைப்பது?
– வாசகி, நாமக்கல்

ஒரு ஸ்வெட்டருக்கு ஒன்பது மணி நேரம் ஆகிறது என்று கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 250இல் நூலுக்கு 180 போனால் மீதி 70 ரூபாய். ஒன்பது மணி நேரத்துக்கு 70 என்றால் ஒரு மணிக்கு எட்டு ரூபாய்கூட வரவில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, ஊசி வைக்கிற டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் தையல் மிஷின் போட்டிருக்கிறவர் ஒரு பிளவுஸுக்கு என்ன கூலி வாங்குகிறார், அதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று விசாரியுங்கள், அதுவே உங்கள் ஊரில் கைவேலைக்குக் கிடைக்கிற மணிக்கூலி. அது 60 ரூபாய் என்று வைத்தால் 540, நூலோடு 720. பொத்தான், கவர், வீணான நூல் எல்லாம் சேர்த்து 750 சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். "உங்களுக்காகக் குறைச்சுத் தர்றேன்" என்று நீங்களாகவே ஆரம்பிப்பதுதான் நம்மில் பலர் செய்கிற தப்பு, எதிரில் நிற்கிறவர் அதுவரை வாயே திறந்திருக்க மாட்டார்.

நீலகிரியில் தோடர் பெண்கள் போடுகிற பூத்தையலைக் கவனித்திருக்கிறீர்களா? முரட்டு வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, முன்கூட்டி எதையும் வரைந்துகொள்ளாமல், துணியின் இழைகளை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணித் தைப்பார்கள். தைத்த துணியைத் தள்ளி வைத்துப் பார்த்தால் நெய்ததா தைத்ததா என்றே தெரியாது. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு போர்வைக்கு அவர்கள் கொடுக்கிற காலத்தை வைத்துப் பார்த்தால் என்ன விலை சொன்னாலும் குறைவுதான். அதையும் "நூல் என்ன விலை" என்று கேட்டுப் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது மிகவும் வலிக்கும்.

பக்கத்து வீட்டுப் பேரக் குழந்தைக்கு ஆசையாக ஒன்று கொடுக்க நினைத்தால் இனாமாகவே கொடுங்கள், மனசு நிறைய கொடுங்கள். அரை விலைக்கு மட்டும் விற்காதீர்கள், அடுத்த தெருவில் பின்னிப் பிழைக்கிற இன்னொரு பெண்ணின் விலையும் அதனால் இறங்கும்.

தெர்மாகோலில் எந்தப் பசை ஒட்டினாலும் உருகி ஓட்டை விழுகிறது. பள்ளிக்கூட ப்ராஜெக்ட் நாளைக்கே தர வேண்டும்.
– வாசகர், விழுப்புரம்

காட்டமான வாசனை வருகிற பசை எதுவும் தெர்மாகோலுக்கு ஆகாது, அதில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலையே கரைத்துவிடும். ஸ்ப்ரே பெயின்டும் அப்படித்தான். சூடான க்ளூ கன்னும் வேண்டாம். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை மெலிதாகத் தடவி, மேலே புத்தகம் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். அவசரத்துக்குக் குண்டூசி குத்தி நிறுத்தலாம்.

தை மாதம் அம்மா தவறிவிட்டார். பீரோவைக் காலி செய்தபோது பாதி போட்ட ஒயர் கூடை ஒன்று, மஞ்சள் பையில் சுற்றியபடி கிடைத்தது. சிவப்பு ஒயர், சுற்றிலும் ஒன்பது வரிசை முடிந்திருக்கிறது. பாதியில் நின்ற பொருளை வீட்டில் வைக்கக் கூடாது என்கிறார் பெரியம்மா. நானே முடிக்கலாம் என்றால் அம்மாவின் முடிச்சு இளக்கமாக இருக்கும், என் முடிச்சு இறுக்கமாக விழும். அதே சிவப்பு ஒயரும் எங்கேயும் கிடைக்கவில்லை. தொட்டால் அழுகை வருகிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி, மன்னார்குடி

இந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அவசரப்பட வேண்டாம் என்பதுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. தை போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரியம்மா சொல்வதில் கோபப்பட எதுவும் இல்லை, தங்கை போட்ட கூடையைப் பார்க்க அவருக்கும் தாங்கவில்லை, அதைச் சாஸ்திரமாகச் சொல்கிறார். கூடையை அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள், வெளியே மட்டும் போட்டுவிடாதீர்கள்.

முடிக்கத் தோன்றுகிற நாளில் எடுங்கள். ரொம்ப நாள் மடங்கிக் கிடந்த ஒயர் விறைத்திருக்கும், இழுத்தால் வெடிக்கக்கூடச் செய்யும். ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் கூடையைப் பத்து நிமிஷம் அமுக்கி வைத்தால் ஒயர் இளகிக் கைக்கு வரும். அதே சிவப்பைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் ஆசை. நேர் ஒயர்களை எல்லாம் அம்மா ஆரம்பத்திலேயே அளந்து வெட்டிவிட்டார், அவை மேலே நீட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. இனி சுற்றி ஓட வேண்டிய ஒயர் மட்டும்தான் நீங்கள் வாங்க வேண்டியது. அதை உங்களுக்குப் பிடித்த நிறத்தில் வாங்குங்கள், வெள்ளையோ கிளிப்பச்சையோ. சாதா முடிச்சில் நேர் ஒயரும் சுற்று ஒயரும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் பத்தாவது வரிசையிலிருந்து ஒவ்வொரு முடிச்சிலும் பாதி அம்மாவின் ஒயர், பாதி உங்கள் ஒயர்.

இறுக்கம் மாறத்தான் செய்யும். கூடை மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகும், ஒன்பதாவது வரிசைக்கு மேல் ஒரு இடுப்பு மாதிரி விழும். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அம்மாவின் முடிச்சைப் பிரித்துவிடாதீர்கள், உங்கள் கையையும் வேண்டுமென்றே இளக்க வேண்டாம், இளக்கிப் போட்டால் கைப்பிடி கனம் தாங்காது. அம்மாவின் முடிச்சு இளக்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, விரலில் வலி இருந்திருக்குமோ, இல்லை பேசிக்கொண்டே போடுகிற கையோ, எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். என் அத்தை சிவன் கண் என்கிற டிசைனில் ஒயர் கூடை போடும்போது யாராவது கதை சொன்னால் அந்த இடத்தில் மட்டும் முடிச்சு பெரிதாக விழுந்திருக்கும். அந்தக் கூடையை வைத்துத்தான் இன்றைக்கும் சந்தைக்குப் போகிறேன். வெண்டைக்காயைக் கொட்டும்போதெல்லாம் அந்தப் பெரிய முடிச்சில் விரல் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகரும்.

முடிக்கவே தோன்றாவிட்டால்? அதுவும் சரி. நீட்டிக்கொண்டிருக்கிற ஒயர்களை உள்பக்கம் மடக்கி, முடிச்சுக்குள் செருகிவிட்டால் அதுவே உயரம் குறைந்த ஒரு தட்டுக்கூடை. அதில் உங்கள் ஒயரும் கத்தரிக்கோலும் இருக்கட்டும். அழுகை வந்தால் அழுதுகொண்டே போடுங்கள், ஒயர் நனைந்தால் ஒன்றும் ஆகாது.

கலைக்கும் கைவினைக்கும் என்ன வித்தியாசம்? கல்லூரியில் நண்பர்கள் "நீ செய்வது கைவினை, கலை இல்லை" என்கிறார்கள். டெரகோட்டா நகை செய்கிறேன்.
– வாசகர், சென்னை

தம்பி, சென்னையிலேயே இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே. எழும்பூரில் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது, ஆரம்பத்தில் அது தொழிற்கலைப் பள்ளியாகத்தான் நடந்தது. நூறு வருஷம் கழித்து அதே கல்லூரியில் முதல்வராக இருந்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். அவரும் அவருடைய மாணவர்களும் ஓவியம் விற்று வாழ முடியாத காலத்தில் மெழுகு ஊற்றிச் சாயம் ஏற்றுகிற பாத்திக் துணியும் வேறு கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள், அந்தக் காசைச் சேர்த்துத்தான் நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். பகலில் துணியில் மெழுகு ஊற்றிய அதே கை, மிச்ச நேரத்தில் கான்வாஸில் தீட்டியது. நம் ஊர் நவீன ஓவியத்துக்குச் சோறு போட்டதே கைவினைதான்.

சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி எடுத்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். உள்ளே இருப்பதை எடுக்க மண் அச்சை உடைத்துத்தான் ஆக வேண்டும், அதனால் ஒரு அச்சில் ஒரு சிலைதான். அந்த ஸ்தபதியைக் கைவினைஞர் என்று எழுதுவதா கலைஞர் என்று எழுதுவதா என்று அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை, மெழுகு இளகாமல் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

நண்பர்களிடம் சண்டை போடாதீர்கள். உங்கள் தோடுகளின் படத்தைப் பார்த்தேன். பூ டிசைன் எல்லாம் கடையில் கிடைக்கிற அச்சில் அழுத்தியது என்று தெரிகிறது. அந்தச் சின்ன பனங்காய் ஜிமிக்கி மட்டும் நீங்களாக யோசித்தது, இல்லையா? அதை இன்னும் பத்து விதமாகச் செய்து பாருங்கள். அப்புறம், களிமண்ணை நிழலில் முழுக்கக் காயவைக்காமல் சூளையில் வைக்காதீர்கள், உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் பிளந்துவிடும். படத்தில் இரண்டு ஜிமிக்கியில் விரிசல் தெரிகிறது.

கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாயில் எங்கள் இருவர் பெயரும் நெய்திருக்கிறது. 20 வருஷமாகப் பரணில் மடித்தே வைத்திருந்தோம். இப்போது மடிப்பில் கோரை ஒடிகிறது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பாயை மடிக்கவே கூடாது அம்மா, சுருட்டத்தான் வேண்டும். அந்தக் கோரையைக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நூல் போலக் கீறிக் கீறித்தான் பட்டுப்பாய் நெய்கிறார்கள். அவ்வளவு மெல்லிய இழை ஒரே இடத்தில் 20 வருஷம் மடங்கியே கிடந்தால் ஒடியத்தான் செய்யும். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போன பாய் உங்கள் பக்கத்து ஊர்ப் பாய்தான், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒடிந்த இடத்துக்கு அடியில் பருத்தித் துணி வைத்து அதே நிற நூலால் இழைகளைச் சேர்த்துப் பிடியுங்கள். அப்புறம் பெயர் வெளியே தெரிகிற மாதிரி சுவரில் மாட்டுங்கள், நேர் வெயில் படாத சுவராகப் பாருங்கள், சாயம் போய்விடும்.

பாட்டி காலத்துப் பண்ருட்டி பொம்மை, தசாவதார செட்டில் வாமனரின் குடை பிடித்த கை உடைந்துவிட்டது. உடைந்த பொம்மையைக் கொலுவில் வைக்கலாமா? சரிசெய்ய முடியுமா?
– வாசகி, திருச்சி

சரிசெய்துவிட்டு வையுங்கள், அவர் இல்லாமல் பத்து எப்படி நிறையும்? முதலில் கையில் எடுத்துக் கனம் பாருங்கள். கனமாக, உடைந்த வாய் செங்கல் நிறத்தில் இருந்தால் சுட்ட மண். லேசாக, நார் நாராகத் தெரிந்தால் காகிதக் கூழ், அதற்குத் தண்ணீரே காட்டக் கூடாது, நைத்த காகிதமும் வெள்ளைப் பசையும் பிசைந்து வைத்துத்தான் கையை உருவாக்க வேண்டும்.

மண் பொம்மை என்றால் உடைந்த இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றை எலும்பு மாதிரி செருகிக்கொள்ளுங்கள். எம்-சீல் இரண்டு பாகத்தையும் சமமாக எடுத்து நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, கம்பியைச் சுற்றி அப்பி, இறுகுவதற்குள் விரல்களைக் கீறிவிடுங்கள். நேரம் அதிகம் இருக்காது, அதனால் வாமனரின் இன்னொரு கையை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது நல்லது. ஒரு நாள் முழுக்க விட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சாக்பீஸ் பொடியும் ஃபெவிகாலும் குழைத்து ஒரு பூச்சு கொடுத்து, அது காய்ந்ததும் அக்ரிலிக் வர்ணம். பழைய பொம்மையின் நிறம் மங்கியிருக்கும், டப்பாவில் இருக்கிற நீலத்தை அப்படியே வைத்தால் கை மட்டும் தனியாகத் தெரியும். துளி காவியைக் கலந்து மட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

முழு பொம்மைக்கும் புது பெயின்ட் அடிக்கச் சொல்லி வீட்டில் யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தக் கண்ணை எழுதியவர் கை இனிமேல் கிடைக்காது. கொலு முடிந்து எடுத்து வைக்கும்போது செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை புது வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பழைய வேட்டித் துணியில் சுற்றி, குடைப் பக்கம் மேலே பார்க்க வையுங்கள்.